வெந்நீரும் வியர்வையும்

சென்ற புரட்டாசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று திருவெள்ளறைக்குப் போயிருந்தேன். திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊர் அது. வெண்ணிறமான பாறையின் மேல் புண்டரீகாக்ஷப் பெருமாள் எழுந்தருளியிருப்பதனால் ஊருக்கும் அந்தப் பெயர் அமைந்தது. என் தமக்கையைக் கொடுத்திருப்பது அவ்வூரிலேதான். பெருமாளைச் சேவித்துவிட்டு, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புவது எனக்கு வருஷந்தோறும் வழக்கம். இம்முறை சேவையும் ஆயிற்று, சாப்பாடும் ஆயிற்று. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கோவிலில் ஏறும்போது முதலில் 18 படிகள். அவை கீதையின் 18 அத்தியாயங்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். என்னுடன் வந்த அத்திம்பேர், ஒன்பதாம் அத்தியாயத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அறுபத்தொரு வயதுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு வரையில் ஏகாதசிதோறும் இந்தப் படிகளை என்னைவிட வேகமாக ஏறினவர் அவர்.

"என்ன அத்திம்பேரே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லையடா அப்பா. கொஞ்சம் கொதிப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா விஷயத்தை உடைத்துவிட்டாள். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி வீடு வீடாக வந்து சோதிக்கும் பெண்மணி ஒருவர் அத்திம்பேரின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கிறார். 172-க்கு 104 என்று காட்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு இரண்டு நாட்களில் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நடக்கச் சொல்லி, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். இதுவரையில் எல்லாம் கிரமமாகவே நடந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் இரண்டு வைத்தியர்கள் கிளம்பினார்கள்.

முதல் வைத்தியர் என் அக்கா. "கொதிப்பு என்றால் என்ன? இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கிற பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றுவார்களா?" என்பது அவள் கட்சி. ஆகவே அத்திம்பேரின் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் நின்றது, வெந்நீர் நின்றது, சுக்கு மிளகு நின்றது. வெள்ளரிக்காயும் நீர்மோரும் இளநீருமாக அவரைக் குளிரப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வைத்தியர் அத்திம்பேரே. அவர் கையிலுள்ள டெலிபோனில் ஒரு நாள், பின்லாந்து தேசத்தார் வெப்ப அறையில் உட்கார்ந்து வியர்வை சிந்துவதனால் அவர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று படித்திருக்கிறார். "வெந்நீரிலேயே காரியம் முடிகிறபோது மாத்திரை எதற்கு?" என்று, இருபது நாள் சாப்பிட்ட மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டார். மாத்திரையும் இல்லை, அக்காவின் தடையுத்தரவால் வெந்நீரும் இல்லை என்ற விசித்திரமான நிலைமையில் மனிதர் ஒரு மாதத்துக்கு மேல் காலம் தள்ளியிருக்கிறார்.

"நீ பி.ஏ. படித்தவன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். நீயே சொல்லுடா நியாயத்தை" என்றாள் அக்கா.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கூடத்திலேயே, ஜன்னலோரக் கட்டிலில், அத்திம்பேரின் தமையனார் இரண்டு வருஷம் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் இதே வியாதிதான். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!" என்று அவரும் மாத்திரையை நிறுத்தினவர்தான். ஒரு விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் விழுந்து, வாக்கும் குழறிவிட்டது. சாகிற வரையில் தம் மனைவியின் பெயரைச் சரியாகக் கூப்பிட அவரால் முடியவில்லை.

தமிழிலே இந்த நோய்க்கு 'இரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளில் எத்தனை குழப்பம் விளைத்திருக்கிறது! இரத்தம் கொதிப்பதுமில்லை, ஆறுவதுமில்லை. அதன் உஷ்ணம் உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான். கொதிக்கிறது என்று பெயரிருப்பதனால், கோபக்காரனுக்கு மாத்திரம் வரும் வியாதி என்றும், சாதுவான மனிதனுக்கு வராது என்றும் நினைத்துச் சோதித்துப் பாராமலே இருப்பவர்கள் அநேகம். அத்திம்பேரைப் போன்ற சாது திருவெள்ளறையில் மற்றொருவர் கிடையாது.

உண்மையில் நடப்பது வேறு. இரத்தம் ஓடும் குழாய்களின் சுவரை அது உட்புறமிருந்து தள்ளும் வேகந்தான் இங்கே அளக்கப்படுவது. வாய்க்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் சாவதானமாகப் போகிறது. அதே தண்ணீரை ஒரு குறுகிய மதகின் வழியே விட்டால் சீறுகிறது, கரையை அரிக்கிறது. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் நாடிக்குழாயில் கண்ணாடிக் குழலைச் செருகி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறதென்று பார்த்து, 1733-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கையில் பட்டை கட்டும் கருவியை 1896-இல் இத்தாலியரான ரிவா ரோக்கியும், அதைக் குழல் வைத்துக் கேட்டு இரண்டு எண்களாகப் பிரிக்கும் முறையை 1905-இல் ருஷியரான கொரட்காவும் தந்தார்கள். மேல் எண், இருதயம் சுருங்கித் தள்ளும்போது. கீழ் எண், அது தளர்ந்து இளைப்பாறும்போது. 140-க்கு 90 என்ற எல்லையை வெவ்வேறு நாட்களில் அளந்தும் தாண்டி நின்றால் அதுவே வியாதி. வலியில்லை, காய்ச்சலில்லை. கரை அரிபடுவது கரை உடைகிற வரையில் தெரியாது.

உடைந்தால் என்னாகும் என்பதற்குத் தமையனாரின் கட்டில் ஒரு சாட்சி. உலகமறிந்த சாட்சியும் ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். அப்போது அவருடைய அழுத்தம் 300-க்கு 190. பெரிய பெரிய வைத்தியர்களெல்லாம் சூழ்ந்திருந்தும், கையாளுவதற்குத் தகுந்த மருந்து அந்நாளில் அவர்களிடம் இல்லை.

இனி வெந்நீர் விஷயத்துக்கு வருவோம். இதில் அக்காவின் கட்சி முழுக்கத் தவறு. அத்திம்பேரின் கட்சி பாதி தவறு.

சூடு பட்டால் உடம்பு என்ன செய்கிறது? உள்ளே சேரும் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. அதற்காகத் தோலிலுள்ள குழாய்கள் விரிகின்றன. இருதயம் சற்று வேகமாக ஓடுகிறது. இரத்தம் வேகமாகக் குழாயின் உட்சுவரை உராய்ந்துகொண்டு போகும்போது, அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் ஒரு வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. இவ்வளவு அற்பமான வாயுவுக்கு உடம்பில் இவ்வளவு பெரிய உத்தியோகம் இருப்பதைக் கண்டு சொன்னதற்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்குகிறது. ஆகவே கொதிக்கிற பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றுவதாக அக்கா சொன்ன உவமானம் செல்லாது. மதகைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருந்தால் செல்லும்.

வேடிக்கை என்னவென்றால், வேகமாக நடக்கும்போதும் இதேதான் நடக்கிறது! தசைகள் வேலை செய்து சூட்டை உண்டாக்குகின்றன, இருதயம் ஓடுகிறது, குழாய்கள் விரிகின்றன, நெற்றி வியர்க்கிறது. நடக்கிறபோது மேல் எண் சற்று ஏறினாலும், நடந்து முடித்த பிறகு பல மணி நேரம் அழுத்தம் கீழேயே தங்குகிறது. வாரக்கணக்கில் நடந்தால் நிலையாகவே இறங்குகிறது. கொதிப்புள்ளவர்களுக்கு மேல் எண்ணில் ஐந்து முதல் எட்டு வரையில் குறைவதாக வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது வெந்நீர், உட்கார்ந்தபடியே செய்யும் ஒரு சிறு தேகாப்பியாசம். தேகாப்பியாசம், அடுப்பில்லாத வெந்நீர்.

இதை மேல்நாட்டார் புதிதாகக் கண்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சரக சம்ஹிதையின் மொழிபெயர்ப்பைப் புரட்டியபோது வெட்கப்பட்டேன். வியர்வை உண்டாக்கும் சிகிச்சைக்கு 'ஸ்வேதம்' என்று பெயர் கொடுத்து, நெருப்பின் உதவியால் செய்வது 13 விதம், நெருப்பில்லாமல் செய்வது 10 விதம் என்று சரகர் பிரித்திருக்கிறார். முதல் வகுப்பில் சூடான நீர்த்தொட்டியில் உட்காருவதும் இருக்கிறது. பின்லாந்துக்காரர் பார்த்தால் தங்களுடையது என்று சொந்தம் கொண்டாடக்கூடிய வெப்ப அறையும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் முதலாவதாக நிற்பது எது? தேகாப்பியாசம்! பிறகு கதகதப்பான வீடு, கனத்த போர்வை, பசி, வெயில், மல்யுத்தம் என்று போகிறது ஜாபிதா. பயத்தையும் கோபத்தையும்கூட அதில் சேர்த்திருக்கிறார். பள்ளிக்கூட ஆய்வாளர் வருகிற தினத்தில் ஆசிரியர் அறையில் இந்த இரண்டு ஸ்வேதங்களும் நடப்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்; அவற்றால் இரத்த அழுத்தம் இறங்கியதாகத்தான் தெரியவில்லை. நம்முடைய பாட்டிமார் வேது பிடித்ததும் ஒற்றடம் கொடுத்ததும் இந்தப் பரம்பரைதான். ஆனால் யாருக்கு இது ஆகாது என்றும் சரகர் ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறார். கர்ப்ப ஸ்திரீகளும், இரத்தப் போக்குள்ளவர்களும், நீரிழிவுக்காரர்களும் அதில் உண்டு. பழைய புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் அந்த இரண்டாவது ஜாபிதாவைப் படிப்பதில்லை.

இனி, டெலிபோனில் அத்திம்பேர் கண்ட பின்லாந்துச் சமாசாரம். அது பொய்யல்ல. அந்தத் தேசத்தின் கிழக்குப் பகுதியில், கொதிப்பில்லாத நடுவயது ஆண்கள் 1,621 பேரைச் சராசரி 24 வருஷங்களுக்கு மேல் கவனித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை வெப்ப அறையில் உட்கார்ந்தவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை உட்கார்ந்தவர்களுக்குக் கொதிப்பு வந்தது ஏறக்குறையப் பாதிதான். ஜப்பானில் சுமார் 30,000 பேரை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்ததில், தினந்தோறும் தொட்டியில் வெந்நீர் ஸ்நானம் செய்தவர்களுக்கு, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் செய்யாதவர்களைக் காட்டிலும் இருதய நோயும் பக்கவாதமும் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தன என்று 2020-இல் சொன்னார்கள். இவற்றையெல்லாம் கேட்டவுடனே அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. தினமும் அரை மணி நேரம் வெந்நீரில் உட்காருவதற்கு அவகாசமும் மனநிம்மதியும் உள்ளவனுக்கு இயல்பிலேயே ஆரோக்கியம் கூடுதலாக இருக்கலாமல்லவா? வெந்நீரால் ஆரோக்கியமா, ஆரோக்கியத்தால் வெந்நீரா என்று இந்த மாதிரிக் கணக்கு ஒன்றினால் மாத்திரம் தீர்மானிக்க முடியாது.

அதற்காகத்தான் வேறுவிதமான சோதனை வேண்டும். 2022-இல் பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தார் அதைச் செய்தார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிற 47 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தாற்போல மூன்று கூட்டமாக்கினார்கள். ஒரு கூட்டம் வழக்கம்போல் இருந்தது. மற்றொன்று வாரம் மூன்று நாள் 50 நிமிஷம் தேகாப்பியாசம் செய்தது. மூன்றாவது கூட்டம் அதே தேகாப்பியாசத்தைச் செய்து, முடித்தவுடன் 15 நிமிஷம் வெப்ப அறையிலும் உட்கார்ந்தது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, தேகாப்பியாசம் மாத்திரம் செய்தவர்களைவிட இரண்டையும் செய்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 8 கூடுதலாக இறங்கியிருந்தது. மூச்சு வலுவும் கூடியிருந்தது. நாற்பத்தேழு பேர் என்பது என் வகுப்பில் ஒரு பிரிவுக்குச் சமானம். எட்டு வாரம் என்பது ஒரு பருவத்தில் பாதி. அதற்கு மேல் அந்தச் சோதனையைச் சுமக்க விடக் கூடாது. ஆனால் திசை தெரிகிறது. தேகாப்பியாசத்துடன் சூடும் சேர்ந்தால், தேகாப்பியாசம் மாத்திரம் இருப்பதைவிடப் பலன் அதிகம் என்பதே அந்தத் திசை. அவர்களில் ஒருவரும், "வெப்ப அறையில் உட்காருகிறேன், ஆகையால் மாத்திரை வேண்டாம்" என்று சோதித்துப் பார்க்கவில்லை என்பதை அத்திம்பேருக்கு இரண்டு தடவை சொன்னேன்.

அவர் மசியவில்லை. "காந்தி மகான் மாத்திரையா சாப்பிட்டார்? நடந்தார், தண்ணீர்ச் சிகிச்சை செய்துகொண்டார்" என்றார்.

இந்த அஸ்திரத்தை அவர் எடுத்திருக்கக் கூடாது. நான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன்.

மகாத்மாவுக்கு இதே வியாதி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலார் அவருடைய 150-ஆம் ஆண்டை முன்னிட்டு 2019-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்குகள் இருக்கின்றன. 1937 அக்டோபர் 26-இல் 194-க்கு 130. 1940 பிப்ரவரி 19-இல் 220-க்கு 110. அத்திம்பேருடையதைக் காட்டிலும் எவ்வளவோ மேலே. நடையில் அவரை மிஞ்சியவர் கிடையாது. தண்ணீர் வைத்தியத்திலும் அப்படியே. ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது 1942-இல் தொடங்கி எழுதிய ஆரோக்கிய நூலில் இடுப்புக் குளியல், ஈரத்துணிச் சுற்று, நீராவிக் குளியல் எல்லாவற்றையும் விவரித்திருக்கிறார். 1946-இல் புனாவுக்கருகே உருளிகாஞ்சனில் இயற்கை வைத்திய ஆசிரமமே ஏற்படுத்தினார். அப்பேர்ப்பட்டவர், டாக்டர் சுசீலா நய்யாருக்கு எழுதிய கடிதத்தில், இரத்த அழுத்தத்தின் தயவில் தாம் இருப்பதாகவும் சர்ப்பகந்தித் துளிகளைச் சாப்பிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார்.

சர்ப்பகந்தி என்ன, மருந்தல்லவா? அதுவும் நம் நாட்டு மருந்து! அந்த வேரின் குணத்தை 1931-லேயே கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு வைத்தியர்கள் எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளிடம் பரீட்சித்துக் கண்டதை 1949-இல் இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாடு விழித்துக்கொண்டு, 1952-இல் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயரிட்டது. மனச்சோர்வு முதலிய தொந்தரவுகளால் பின்னாளில் அதன் உபயோகம் குறைந்து, வேறு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ரூஸ்வெல்ட்டின் டாக்டர்களுக்குக் கிடைக்காத மாத்திரை, இன்று திருவெள்ளறைத் திண்ணைக்கே இலவசமாக நடந்து வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறோம்.

அத்திம்பேர் வெகுநேரம் பேசவில்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணாவும் இப்படித்தான் சொன்னான்" என்றார். எழுந்து போய் மாத்திரைப் பட்டையை எடுத்து வந்தார்.

மறு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவருடன் டாக்டரிடம் போனேன். நிறுத்திய விஷயத்தைக் கேட்டு டாக்டர் கோபிக்கவில்லை. இருதயத்தின் மின்படம் எடுத்துப் பார்த்து, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். வெந்நீர் யோசனையைக் கேட்டதும் சிரித்தார். "செய்யலாம், ஆனால் இன்றைக்கல்ல. முதலில் மாத்திரையும் நடையும். எண் 160-க்குக் கீழே வந்து நிற்கட்டும்" என்றார். காரணமும் சொன்னார். அவர் கொடுத்திருந்த அம்லோடிபின் மாத்திரையும் குழாயை விரிக்கிறது; வெந்நீரும் விரிக்கிறது. இரண்டும் சேரும்போது, தொட்டியைவிட்டுச் சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றி விழ நேரும். மார்வலி உள்ளவர்கள், சமீபத்தில் இருதயத் தாக்குதல் கண்டவர்கள், இருதய வால்வு குறுகியவர்கள் வெந்நீரில் அமிழவே கூடாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். மது அருந்திவிட்டு வெப்ப அறையில் உட்கார்ந்து பின்லாந்திலேயே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அத்திம்பேர் காபிக்கு மேல் எதையும் தொட்டறியாதவர். ஆகவே அந்தக் கண்டத்துக்கு இடமில்லை.

நடைக்குப் பாதை தேட வேண்டியிருக்கவில்லை. ஊரில் பல்லவர் காலத்துக் கேணி ஒன்று இருக்கிறது. தந்திவர்மன் ஆட்சியில், 800-ஆம் ஆண்டை ஒட்டி, கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு. நான்கு புறமும் படிக்கட்டுகள் இறங்கி, ஸ்வஸ்திகம் போல் வளைந்து திரும்புகின்றன. ஒரு துறையில் குளிப்பவரை மற்றொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது; மாமியார் மருமகள் கேணி என்று ஊரார் சொல்லுவது அதனால்தான். அதன் கல்வெட்டில், முதுமை வந்து தளரச் செய்யுமுன்னே இருப்பதைத் தர்மத்துக்கு வை என்ற கருத்தில் ஒரு பாட்டு உண்டு. அத்திம்பேர் விடியற்காலையில் வீட்டிலிருந்து கேணிக்கும், கேணியிலிருந்து கோவில் மதிலைச் சுற்றியும் நடக்க ஆரம்பித்தார். முதல் வாரம் பத்து நிமிஷம். கார்த்திகையில் அரை மணி. பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாடிக்கொண்டு நடக்க முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருக்குத் திருப்பாவை சேவித்துக்கொண்டே நடக்கும் பழக்கமாதலால், பாசுரம் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் சரி என்று கண்டுகொண்டார்.

"இந்த அரை மணிக்கே அலுத்துக்கொள்கிறேனே!" என்று ஒரு நாள் சொன்னார். அவருக்கு நான் 1930-ஐ ஞாபகப்படுத்தினேன். ஸ்ரீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் திருச்சி வீட்டு வாசலிலிருந்து ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியும் நூறு தொண்டர்களும் புறப்பட்டு, சித்திரை வெயிலில் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டின ராஜாஜியும் அவர்களுடன் நடந்தார். அவர்கள் போனது உப்பை எடுக்க. அத்திம்பேர் நடப்பது உப்பைக் கழிக்க.

வெந்நீர்தான் சிரமமாயிற்று. சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வது சுகமே தவிர, அதனால் உடம்பின் உட்சூடு ஏறுவதில்லை. சோதனைகளெல்லாம் மார்பளவு அமிழ்ந்து உட்கார்ந்தவர்களைப் பற்றியவை. நம் வீடுகளில் தொட்டி ஏது? கொல்லைப்புறத்தில் மாடு இருந்த காலத்துக் கழுநீர்த்தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அக்கா தலையிலடித்துக்கொண்டாள். அதைச் சுண்ணாம்பு தேய்த்துக் கழுவி, தென்னைமட்டை எரித்து அண்டாவில் வெந்நீர் போட்டு, பள்ளிக்கூட ஆராய்ச்சி அறையிலிருந்து தலைமையாசிரியர் அனுமதியுடன் நான் கொண்டுபோன உஷ்ணமானியை விட்டுப் பார்த்து, 40 டிகிரி காட்டினவுடன், கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நடந்துவிட்டு வந்து சற்று இளைப்பாறிய பிறகு அத்திம்பேர் அதில் பிரவேசித்தார். பத்து நிமிஷம். அக்கா ஒரு சொம்பு தண்ணீருடன் பக்கத்தில் நின்றாள். முதலில் தொட்டிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தபடியே இரண்டு நிமிஷம் இருந்து, பிறகே எழுந்தார். மார்கழியில் வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிஷமாயிற்று. பங்குனி பிறந்தவுடன் இதை நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. திருச்சிராப்பள்ளிச் சித்திரையில் வீடு முழுவதுமே தொட்டிதான். அப்போது வியர்வையில் நீரும் உப்பும் அளவின்றிப் போய், மாத்திரையும் சேர்ந்து, எண் வேண்டாத அளவுக்கு இறங்கிவிடலாம். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம்.

திருவெள்ளறைக் கோவிலில் உத்தராயண வாசல், தக்ஷிணாயன வாசல் என்று இரண்டு உண்டு. தை முதல் ஆனி வரையில் ஒன்று திறந்திருக்கும். ஆடி முதல் மார்கழி வரையில் மற்றொன்று. தைப்பொங்கலுக்கு மறுநாள் நாங்கள் இருவரும் உத்தராயண வாசல் வழியே உள்ளே போனோம். பதினெட்டுப் படிகளையும் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். அத்திம்பேர் எண்ணவில்லை, மேலே நின்று எனக்காகக் காத்திருந்தார்.

அதற்கு முந்தின வாரம் எண் 136-க்கு 84 என்று வந்திருந்தது. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு, கழுநீர்த்தொட்டியின் பங்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. மாத்திரையை மாத்திரம் அவர் குறைக்கவில்லை. அத்திம்பேரும் கேட்கவில்லை. இப்போது அந்த வீட்டில் நடக்கும் வழக்கு வேறு. ஆவக்காய் ஜாடியை அக்கா பரண்மேல் ஏற்றிவிட்டாளாம். "படி ஏறத் தெரிந்தவனுக்குப் பரண் ஏறத் தெரியாதா?" என்று அத்திம்பேர் எனக்கு எழுதியிருக்கிறார்.